பதினோராம் தொட்டி

நவம்பர் 14, வியாழன்

புயல் சனிக்கிழமை கரையேறும் என்கிறார்கள். ஆய்வு நிலையத்தில் அதற்கொரு கூட்டம். கூட்டம் என்றால் பேராசிரியர் கோதண்டம் பேசுவார், மற்றவர்கள் பிஸ்கட் தின்பார்கள்.

"ஜெனரேட்டர் இருக்குல்ல. அப்புறம் என்ன" என்றார்.

இருக்கிறது. கடைசியாக அது எப்போது ஓடியது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆயுதபூஜையன்று அதற்குச் சந்தனம் வைத்தது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

இந்த நிலையத்தில் மின்சாரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பி.இ. மின்னியல் முடித்துவிட்டு, ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளன் என்ற பெயரில் மீன் தொட்டிக்கு வயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு மின்சாரம் என்பது சுவிட்சைப் போட்டால் வருவது.

கவலைப்பட வேண்டியது ஜெபக்கனியின் தொட்டிகளுக்காகத்தான். முனைவர் பட்டத்துக்காகப் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகளில் கோமாளி மீன் குஞ்சு வளர்க்கிறாள். தொட்டிக்கு இருபது. மூன்று தொட்டி 26 டிகிரி, மூன்று 28, மூன்று 30, மூன்று 32. எந்தச் சூட்டில் எப்படி வளர்கிறது என்று நூற்றிருபது நாள் பார்க்க வேண்டும். இன்று தொண்ணூற்றைந்தாவது நாள். தொட்டிக்கு ஒன்றாக நான் மாட்டிய கட்டுப்பாட்டுக் கருவிகள் 0.2 டிகிரி பிசகாமல் ஹீட்டரைப் போட்டு அணைக்கின்றன. கரண்ட் போனால் மீன் உடனே சாகாது. ஆனால் பன்னிரண்டு தொட்டியும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் அது ஆய்வு இல்லை, வெறும் மீன் வளர்ப்பு.

அவளுடைய உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. கோதண்டம் மார்ச்சில் ஓய்வு. மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க அவளுக்கு நாளும் இல்லை, வழிகாட்டியும் இல்லை.

"ரெண்டு டிகிரிக்கு மேல, மூணு மணி நேரம் விலகுச்சுன்னா அந்தத் தொட்டிய ஆய்வுலருந்து எடுத்துரணும். நானே எழுதி வச்ச விதி" என்றாள். தூத்துக்குடிக்காரி. தான் வைத்த விதியில் தானே மாட்டிக்கொள்ளும் ரகம்.

நவம்பர் 15, வெள்ளி

எதிர்பார்த்தபடி நிலையத்து ஜெனரேட்டர் பிணம். பேட்டரி உப்பிக் கிடக்கிறது. எலி வயரைத் தின்றிருக்கிறது, சந்தனத்தை விட்டுவைத்திருக்கிறது.

மதியம் ஜெபக்கனி யாரையோ பிடித்து ஒரு வாடகை ஜெனரேட்டர் வரவழைத்தாள். குட்டியானை வண்டியில் வந்தது. பக்கவாட்டில் 'ஜோதி சவுண்ட் சர்வீஸ்' என்று ரோஜாப்பூப் படத்தோடு எழுதியிருந்தது. உரிமையாளர் ஜோதிவேல், நாற்பது வயதிருக்கும், காதில் பீடி. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழாவுக்கு மைக்செட்டும் ட்யூப்லைட்டும் கட்டுகிற ஆள். என் கருவிகளின் உயிர் இனி ரோஜாப்பூவின் கையில்.

ஓட்டச் சொல்லி மீட்டரை வைத்தேன். 264 வோல்ட். 230 இருக்க வேண்டிய இடத்தில்.

"ஏங்க, இது என்ன?"

"நல்லா ஏத்தி வச்சிருக்கேன் தம்பி. தெரு முக்கு வரைக்கும் லைட்டு கட்டுனா கடைசி லைட்டுக்குப் போறதுக்குள்ள கரண்டு செத்துப்போவும். கடைசி ட்யூப்லைட்டு மினுக்கினா ஊர்ல என்னைத்தான பேசுவாங்க."

"இங்க தெரு முக்கு கிடையாது. பத்தடியில கருவி இருக்கு. 264 போனா வெடிக்கும்."

"அப்ப எறக்கிடுவோம். அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிக்கிறீங்க."

திருகைத் திருப்பி இறக்கினார். 230, ஐம்பது சுழற்சி. இருபது வருடத் தொழிலில் ஒரு மீட்டர் வாங்கத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு. பல்பின் வெளிச்சத்தைப் பார்த்தே வோல்டேஜ் சொல்வாராம்.

இருவரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன். ஜெனரேட்டர் கரண்ட் லைன் கரண்ட் மாதிரி அல்ல. பாரம் ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் துள்ளும். அதனால் முதலில் வெறுமனே பத்து நிமிடம் ஓட வேண்டும். பிறகு காற்று மோட்டார், பிறகு ஹீட்டர்களை ஒவ்வொன்றாக. நிறுத்தும்போது தலைகீழாக. டீசல் தீர்ந்து அதுவாக அணையவே கூடாது, அணைகிற நேரத்துத் திணறலில்தான் கருவிகள் சாகும். இத்தனைக்கும் காவலாக நடுவில் ஒரு வோல்டேஜ் கட்-ஆஃப் மாட்டியிருக்கிறேன். 250-க்கு மேல் போனாலும் 190-க்குக் கீழ் வந்தாலும் துண்டித்து, மூன்று நிமிடம் பொறுத்துத்தான் திரும்பக் கொடுக்கும்.

"அப்ப நான் தப்பித் தவறி ஏத்திட்டாலும் இந்தப் பொட்டி கட் பண்ணிடும்?" என்றார் ஜோதிவேல்.

"நீங்க என்ன பண்ணாலும் கட் பண்ணிடும்."

"நல்ல பொட்டி" என்றார்.

நவம்பர் 16, சனி

காலை 5.40-க்குக் கரண்ட் போனது. 5.58-க்கு ஜெனரேட்டரில் ஏற்றினேன். அதிகபட்ச விலகல் 0.3. வெளியே கூரைத்தகடு பறக்கிறது, நம்முடையது அல்ல.

நவம்பர் 17, ஞாயிறு

ஊர் முழுக்கக் கம்பம் சாய்ந்து கிடக்கிறது. லைன் வர பத்து நாளாவது ஆகும். நிலையத்தின் கூட்ட அரங்கில் நூற்று நாற்பது பேரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மீனவர் குடியிருப்பில் தண்ணீர்.

நான் தூங்கி எழுவதற்குள் ஜெபக்கனி அவர்களுக்கு நம் ஜெனரேட்டரிலிருந்து லைன் கொடுத்துவிட்டாள். ஆறு ட்யூப்லைட், போன் சார்ஜ் போட ஒரு பலகை. அரங்கம் எண்பது மீட்டர் தள்ளி. ஜோதிவேல் தன் கோயில் வயரை இழுத்திருக்கிறார். நூல் மாதிரி வயர்.

"ஒரே ஜெனரேட்டர்ல இதையும் போட்டா பாரம் ஏறி இறங்கும்னு சொன்னேன்ல?"

"பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு இருட்டுல உக்காந்திருக்காவ. உன் பாரத்த நீ பாத்துக்க."

"உங்க மீன், உங்க பட்டம்."

"என் மீன்தான். அதான் நானே குடுத்தேன்."

இவளுக்கு அறிவியல் சோறு போடாது.

ஜோதிவேல் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டதாம். ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் கீழேதான் இருந்ததாம். போய்ப் பார்த்துவிட்டு வரவா என்று கேட்டார். டீசல் ஊற்ற ஆள் வேண்டும் என்றேன். இருந்துவிட்டார்.

நவம்பர் 18, திங்கள்

அரங்கத்தில் ஒரு பெண்மணி மிக்ஸியைச் செருகினார். கட்-ஆஃப் துண்டித்தது. மூன்று நிமிடம். யாரோ இஸ்திரிப் பெட்டி. மூன்று நிமிடம். வீடு மிதக்கிறது, சட்டையில் மடிப்பு வேண்டும். காலையிலிருந்து பதினேழு முறை. துண்டிக்கும்போதெல்லாம் அந்தச் சனியன் கீச்சென்று கத்துகிறது. ஹீட்டர்களை மறுபடி ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இரண்டு நாளாக நான் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் படுக்கவில்லை.

"பதிவேட்டுல கோடு ரம்பம் மாதிரி இருக்குலே" என்றாள் ஜெபக்கனி.

ரம்பம் வேண்டாம் என்றால் மிக்ஸிக்கு லைன் கொடுத்திருக்கக் கூடாது.

மாலை கட்-ஆஃபைக் கொஞ்சம் சரி செய்தேன். இனி தொல்லை இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

நாள் முழுக்க ஒரு துண்டிப்பும் இல்லை. கோடு நேர்.

"என்ன பண்ணுன?" என்று கேட்டாள்.

"செட்டிங்" என்றேன். ஜெபக்கனிக்குச் சந்தோஷம். கோதண்டம் குறுஞ்செய்தியில் பாராட்டினார். அவருக்கு ஹீட்டருக்கும் இட்லிப் பானைக்கும் வித்தியாசம் தெரியாது, பாராட்டு வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஓசூர் கம்பெனியிலிருந்தும் குறுஞ்செய்தி. நாளை மூன்று மணிக்குப் போனில் நேர்காணல். இங்கே பேசுகிற அளவுக்குச் சிக்னல் கிடையாது, நெடுஞ்சாலைப் பாலத்தில் கிடைக்கிறதாம். பார்க்கலாம்.

நவம்பர் 20, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

2.15-க்கு ஜெபக்கனியைத் தூங்கச் சொன்னேன். இரண்டு இரவாக அவள்தான் விழித்திருந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு ஒரு வேலையாக வெளியே போனேன். திரும்பி வரும்போது மணி 4.40. வானம் இருட்டிக்கொண்டு மழை.

வாசலிலேயே கருகல் வாடை. மீட்டரை வைத்தேன். 281.

இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் மின்தேக்கி 350 வோல்ட்தான் தாங்கும். 281 உள்ளே போய் உச்சத்தில் 397 ஆகிறது. பன்னிரண்டில் ஏழு செத்துவிட்டன. ஆறு ஒழுங்காகச் செத்தன, ஹீட்டரை அணைத்துவிட்டு. ஏழாவது, பதினோராம் தொட்டியினுடையது, உள்தொடர்பு ஒட்டிக்கொண்டு ஹீட்டரை எரியவிட்டுச் செத்திருந்தது. தொட்டியில் 38 டிகிரி. இருபது மீனும் மேலே மிதந்தன. மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது.

ஜெபக்கனி சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். அழவில்லை. வலையை எடுத்து ஒவ்வொன்றாக அள்ளி எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு வெளியே போனாள். ஜோதிவேல் அரங்க வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏத்துனீரா?"

"ஏத்துனேன்மா. மழை இருட்டு கட்டிடுச்சா, கடைசி லைட்டு மினுக்கு மினுக்குன்னுச்சு. அங்கதான் கைப்புள்ளக்காரி இருக்கா. கொஞ்சூண்டு ஏத்தினேன். அதிகமா போனா தம்பி பொட்டி கட் பண்ணிடும், அப்ப எறக்கிக்கலாம்னு பாத்தேன். கட் பண்ணலயே, சரி சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நூத்தியொரு நாளு. உம்ம கடைசி லைட்டுக்காக என் நூத்தியொரு நாள எரிச்சுப் போட்டீரு. மீட்டர் பாக்கத் தெரியாதவருக்கு எதுக்கு ஜெனரேட்டரு? ஊரு ஊரா போயி ரேடியோ பாட்டு போட வேண்டியதுதான" என்றாள். அரங்கத்து ஜனம் அத்தனையும் வெளியே வந்து பார்த்தது.

ஜோதிவேல் என்னைப் பார்த்தார். "தம்பி, பொட்டி ஏன் கட் பண்ணல?"

"அதை அப்புறம் பாக்கணும்" என்றேன்.

தொழில்நுட்ப ரீதியாக அது பொய் அல்ல.

அவர் டீ கிளாசைக் கழுவிக் கவிழ்த்தார். நேராகப் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். தலைகீழ் வரிசை எல்லாம் இல்லை, பட்டென்று. வயரைச் சுருட்டாமல் அப்படியே விட்டுவிட்டு ஜெனரேட்டரோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மணி 5.10. பழி விழுந்த இடத்தில் வண்டி நிற்காதாம். மைக்செட்காரருக்கு மானம்.

வெளியே 24 டிகிரி. 30, 32 டிகிரித் தொட்டிகள் மணிக்கு ஒன்றரை டிகிரி இறங்கும். ஆறரைக்கு இரண்டைத் தாண்டினால் ஒன்பதரைக்கு அவளுடைய விதிப்படி கதை முடிந்தது. பக்கத்து ஊர்களில் வேறு ஜெனரேட்டர் கிடையாது, மூன்று நாள் முன்பே விசாரித்துவிட்டோம்.

அவள் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு அரங்கத்துக்கு ஓடினாள். சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் உலைத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிக் கொடுக்க, அவள் தொட்டிகளில் மிதக்கவிட்டாள். மிக்ஸிக்காரப் பெண்மணிதான் முன்னால் நின்றார். விறகடுப்பை வைத்து ஆய்வு நடத்துகிறார்கள் என்று நினைத்தேன். ஏழாம் தொட்டி 29.6 காட்டியது.

நான் சைக்கிளை எடுத்தேன்.

ஜோதிவேல் கடையில் முழங்கால் அளவுக்குச் சேற்றுக் கறை. ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆறு பெட்டி. ஒன்றின் பலகையை இழுத்ததும் ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது.

"என்ன இன்ஜினியரு. அப்புறம் பாத்தாச்சா?"

"பொட்டி வேலை செய்யல, ஏன்னா அது லைன்லயே இல்ல. திங்கக்கிழமை நான்தான் கழட்டி நேரா இணைச்சேன். அடிக்கடி கட் ஆச்சுன்னு."

அவர் துணியால் பெட்டியைத் துடைத்தார்.

"அப்ப அங்க நின்னப்ப தெரியும் ஒனக்கு."

"தெரியும்."

"அந்தப் பொண்ணு என்னைப் பேசுனப்போ தெரியும்."

"தெரியும்ங்க. திட்டறதுன்னா வர வழியில திட்டுங்க. ஒன்பதரைதான் கெடு."

"கெடுவ எங்கிட்ட சொல்றியா. அத்தன சனத்து முன்னால பேச்சு வாங்குனேன்டா. நாளைக்கு அவனவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எவன் என்னைக் கூப்புடுவான்? வர்றேன். ஆனா வந்து மைக்கு கட்டுவேன். நீ மைக்குல சொல்லு. சொன்னப்புறம்தான் மீனுக்கு லைன்."

"எங்கிட்ட எழுதி வாங்கிக்கங்க."

"எழுத்த எவன் படிப்பான். மைக்குலன்னா தெரு முக்கு வரைக்கும் கேக்கும்."

முட்டாள்தனமான நிபந்தனை. அவரிடம் நனையாத ஒரே ஆம்ப்ளிஃபயரும் ஒரு குழாய் ஸ்பீக்கரும் இருந்தன. இரண்டையும் வண்டியில் ஏற்ற நான்தான் பிடித்தேன்.

7.20-க்கு வந்து சேர்ந்தோம். ஜெனரேட்டர் பத்து நிமிடம் வெறுமனே ஓடியது. அதை மட்டும் அந்த மனிதர் சரியாகப் பின்பற்றினார். அந்தப் பத்து நிமிடத்தில் குழாயை அரங்கத்துக் கூரையில் கட்டினார். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ" என்றுவிட்டு என் கையில் கொடுத்தார். ஜனம் நிவாரணப் பொட்டலம் வந்துவிட்டது என்று ஓடிவந்தது.

என்ன பேசினேன் என்று அப்படியே எழுதுகிறேன். "நான் இங்க எலெக்ட்ரிக்கல் பாக்கறவன். மத்தியானம் மீன் செத்ததுக்கு ஜோதிவேல் அண்ணன் காரணம் இல்ல. வோல்டேஜ் ஏறினா துண்டிக்கிற பெட்டிய நான் ரெண்டு நாள் முன்னாடி கழட்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. மத்தியானம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வேலை இண்டர்வியூவுக்குப் பாலத்துக்குப் போயிட்டேன். அண்ணன் கேட்டப்ப பேசாம நின்னேன். அவ்வளவுதான்."

முன்வரிசையில் ஒரு கிழவர், "பொட்டலம் எப்போ குடுப்பீங்க?" என்றார்.

ஜோதிவேல் லைன் போட்டார். கட்-ஆஃபை நடுவில் மாட்டினேன். ஹீட்டர்களை ஒவ்வொன்றாக ஏற்றப் போனேன். ஆய்வறைக்குள் ஜெபக்கனி ஒரு பாட்டிலை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துக்கொண்டிருந்தாள். குழாய் ஸ்பீக்கர் அவள் ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தது. கேட்டிருப்பாள். கேட்காமல் இருக்க வழியில்லை.

"பன்னெண்டாம் தொட்டி 29.1 வந்துட்டு. அத மொத போடு" என்றாள்.

நவம்பர் 21, வியாழன்

பதினொரு தொட்டியும் விதிக்குள் தப்பித்தன. பன்னிரண்டாம் தொட்டி மட்டும் விளிம்பில்: இரண்டு டிகிரிக்கு மேல் விலகியது இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

செத்த கருவிகளுக்கு மாற்று வர ஒரு வாரம். அதுவரை ஆறு ஹீட்டர்களையும் கையால் போட்டு அணைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கொரு முறை வெப்பமானி, பதிவேடு. முறை போட்டுக்கொண்டோம். அவள் ஆறு மணி நேரம், நான் ஆறு மணி நேரம். முறை மாறும்போது பதிவேட்டைக் கொடுப்பாள், பேச்சு கிடையாது.

சாயங்காலம்தான் வாய் திறந்தாள்.

"ஓசூர்ல என்ன சொன்னாவ?"

"பாதியில சிக்னல் கட்டாயிடுச்சு."

"அதுக்கும் பொட்டி கழட்டியாச்சா" என்றாள். சிரிக்கவில்லை. பத்து நிமிடம் ஆகிவிட்டது, வெப்பமானியைப் பார்க்கப் போனேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அரங்கத்துக் கடைசி ட்யூப்லைட் மினுக்குகிறது. வயர்தான் காரணம் என்று முதல் நாளே தெரியும். நிலையக் கிடங்கில் தடிமனான வயர் எண்பத்தைந்து மீட்டர் சும்மா கிடந்தது. மாற்றினேன். அரை நாள் வேலை. முதல் நாளே செய்திருக்கலாம். அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜோதிவேல் 230-லேயே வைத்துவிட்டு லைட்டை அண்ணாந்து பார்த்தார். "நின்னு எரியுது" என்றார். பௌதிகம் அப்படித்தான் என்றேன்.

நவம்பர் 27, புதன்

லைன் வந்தது. ஜனம் கை தட்டியது, ஏதோ மின்வாரியம் தங்கள் வீட்டுக்கு நேரில் வந்துவிட்ட மாதிரி. ஜோதிவேல் வண்டியைக் கட்டினார். போகும்போது என்னிடம் ஒரு மீட்டர் எது நல்லது என்று கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

டிசம்பர் 9, திங்கள்

நூற்றிருபதாவது நாள். இருநூற்று இருபது மீனையும் அளந்து முடிக்க மாலையாகிவிட்டது. 32 டிகிரிக்கு மூன்று தொட்டிக்குப் பதில் இரண்டு. பலவீனம்தான், ஆனால் நிற்கும் என்கிறாள்.

கோதண்டம் வந்து அறிக்கையைப் புரட்டினார். ஓய்வு பெறப் போகிறவர்கள் எதையும் நிதானமாகப் புரட்டுவார்கள். ஒரு பக்கத்தில் நின்றார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் இவ்வளவுதான்: பதினோராம் தொட்டி நூற்றொன்றாம் நாள் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது, மின்னழுத்தம் உயர்ந்தால் துண்டிக்க வேண்டிய கருவியைத் தொழில்நுட்ப உதவியாளர் வ. இளம்பரிதி இரண்டு நாள் முன்பே கழற்றியிருந்தார்.

"பேரெல்லாம் எதுக்கும்மா. புயலின் காரணமாகன்னு ஒரு வரி போட்டா போச்சு. இல்லாட்டி மத்த ரெண்டு தொட்டியோட சராசரிய எடுத்து இதுக்கும் போட்டுடு, மூணா ஆயிடும். யாருக்குத் தெரியப்போவுது? பையனுக்கும் நாளைக்கு ஒரு வேலை கீலைன்னா நல்லது" என்றார்.

ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். "சராசரி போட மாட்டேன் சார். பேர எடுக்கணும்னா அவன் சொல்லட்டும், எடுத்துருதேன்."

வயதில் மூத்தவர் என்பதால் பொறுமையாகவே சொன்னேன். "சார், புயல் வந்தது பதினாறாம் தேதி. மீன் செத்தது இருபதாம் தேதி. நாலு நாள் கழிச்சு வந்து பதினோராம் தொட்டிய மட்டும் கொல்ற புயல் எது சார்?"

"அப்ப உன் இஷ்டம்" என்றார். பிஸ்கட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

பக்கத்தை வாங்கி மறுபடி படித்தேன். அவள் மின்னழுத்தத்தை 280 என்று எழுதியிருந்தாள். அடித்து 281 என்று திருத்தினேன்.

"ஒரு வோல்ட்டுக்கு எதுக்குலே இந்தப் பாடு?"

"281-ன்னா 281."

திருத்தம் செய்தவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம், நிலையத்து விதி. போட்டேன். மட்டமான பேனா, இரண்டு முறை எழுத வேண்டியதாயிற்று.